மெஷின் இல்லாத பிசியோதெரபி: இடுப்பு வலிக்கு எனக்கு எது கேட்டது, எது கேட்கவில்லை

நான் போகும் பிசியோ கிளினிக்கில் ஒரு தடவைக்கு 500 ரூபாய், முதல் நாள் மட்டும் 700. முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓர் ஆள் நம் கூடவே இருக்கிறார். மெஷின் என்று எதுவும் கிடையாது. இரண்டு கை, ஒரு கட்டில், சீட் பெல்ட் போல ஒரு பட்டை, அவ்வளவுதான். மதுரையில் மற்ற இடங்களில் வாங்குவதோடு பார்த்தால் கொஞ்சம் கூடுதல்தான். கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். எங்கள் மளிகைக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் நின்று சொல்ல முடியவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

கிளினிக் பெயரைப் போடவில்லை. அதை நடத்தும் பிசியோ மேடமே வேண்டாம் என்றுவிட்டார். அவரும் ஓர் உதவிப் பெண்ணும் மட்டும்தான் இருக்கிறார்கள், இருக்கிற ஆட்களுக்கே நேரம் ஒதுக்க முடியவில்லையாம். வைகைக்கு வடகரையில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயர் தெரியாவிட்டாலும், கையால் செய்யும் பிசியோவில் என்னென்ன உண்டு என்று தெரிந்தால் உங்கள் ஊரில் சரியான ஆளைத் தேடிக்கொள்வீர்கள்.

என் இடுப்பின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயது 46. வீட்டுக்காரரும் நானும் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். கீழமாசி வீதியில் அவர் சரக்கு எடுத்து அனுப்பினால் இறக்கி அடுக்குவது பெரும்பாலும் நான்தான். அரிசிச் சிப்பம் முன்பு 25 கிலோ. 2022இல் 25 கிலோ வரைக்கும் உள்ள பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்த பிறகு நிறைய ஆலைகள் 26 கிலோவாகக் கட்டுகின்றன. அரசாங்கத்துக்கும் ஆலைக்காரருக்கும் நடுவில் அந்த ஒரு கிலோ என் முதுகில்தான் ஏறியது. வலி வலது பக்க இடுப்பில் ஆரம்பித்து உட்காரும் இடம் வரைக்கும் இறங்கும், முழங்காலைத் தாண்டாது. காலையில் குனிந்து முகம் கழுவ முடியாது. கல்லாவில் அரைமணி உட்கார்ந்துவிட்டு எழுந்தால் நிமிர்வதற்கே நேரம் ஆகும். இப்படியே பல மாதம் ஓடியது.

மாமியார் உலக்கையை இடுப்பில் உருட்டச் சொன்னார். சின்ன மாமனார், கால் முதலில் வந்து பிறந்தவர் யாரையாவது மிதிக்கச் சொன்னார். அதற்கு ஆளும் தயாராக இருந்தார், தெருமுனை டீக்கடைக்காரர். அவர் எடையை நினைத்து மறுத்துவிட்டேன்.

எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். எல்4-எல்5இல், அதாவது கீழ் முதுகின் நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவில், டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் தேவையில்லை, பிசியோ போங்கள் என்றார். முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரிய இடம். உள்ளே போனதும் படுக்க வைத்து, இடுப்பில் ஈரமான பேட் ஒட்டி, கரண்ட் மெஷினைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மணி அடித்ததும் வந்து கழற்றிவிட்டு இடுப்பை இழுக்கும் கட்டிலில் கட்டுவார்கள், அதாவது டிராக்‌ஷன். பக்கத்துக் கட்டிலில் முழங்கால் வலிக்காரருக்கும் அதே பேட், அதே மணி. அங்கே போய்வந்த காலம் முழுக்க என் இடுப்பில் யாரும் கைவைத்துப் பார்க்கவில்லை. குனிந்து காட்டச் சொல்லவும் இல்லை. அப்படிப் படுத்திருக்கும்போது சுகமாகத்தான் இருக்கும், ஆட்டோ பிடித்து வீடு வருவதற்குள் பழையபடி ஆகிவிடும். கடைசியில் ஒரு பெல்ட்டும் விற்றார்கள்.

மகள் நர்சிங் படிக்கிறாள். அவள்தான் தேடிப் படித்துச் சொன்னாள். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. இழுவை, வலிக்கு ஒலி அலை கொடுக்கும் அல்ட்ராசவுண்ட், டென்ஸ் என்கிற கரண்ட் மெஷின், இடுப்பு பெல்ட் எதையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சி, வலியைப் பற்றி விளங்கச் சொல்வது, கையால் முதுகெலும்பை அசைக்கும் சிகிச்சை, மசாஜ் இதெல்லாம் கொடுக்கலாம் என்கிறது. இங்கிலாந்தின் 2016 வழிகாட்டுதல் இன்னும் கறார்: கையால் செய்யும் சிகிச்சை கொடுப்பதானால் உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் செய்ய வேண்டும், தனியாகக் கூடாது. இந்தக் கடைசி வரி எவ்வளவு சரி என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

சரி, மாடி கிளினிக்குக்கு வருவோம். முதல் நாள் பாதி நேரம் பேச்சிலேயே போயிற்று. மூத்திரம் போவதில் சிரமம் உண்டா, கட்டுப்பாடு இல்லாமல் போகிறதா, உட்காரும் இடத்தில் மரத்துப் போகிறதா, காய்ச்சல் வருகிறதா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, முன்பு புற்றுநோய் ஏதாவது வந்ததா, விழுந்தீர்களா என்று வரிசையாகக் கேட்டார். இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றிருந்தால் தொடாமல் டாக்டரிடமே திருப்பி அனுப்பியிருப்பாராம். மூத்திரம் அடைபடுவதும் அந்த இடம் மரத்துப்போவதும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றார். இதை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சின்னச் சுத்தியலால் முழங்காலிலும் குதிகாலுக்கு மேலும் தட்டிப் பார்த்தார். குதிகாலிலும் நுனிக்காலிலும் நடக்க வைத்தார், படுக்க வைத்துக் காலை நீட்டியபடி தூக்கிப் பார்த்தார். குனியச் சொல்லி, விரல் நுனி எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டார். என்னுடையது முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே.

ஸ்கேன் ஃபிலிமைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "அக்கா, உங்க வயசுல வலியே இல்லாத பத்துப் பேரை ஸ்கேன் எடுத்தா அஞ்சு பேருக்கு இப்படித்தான் இருக்கும்" என்றார். மகள் அதையும் சரிபார்த்தாள். வலி இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வந்த ஆய்வில், 40 வயதுக்காரர்களில் 50 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம், 80 வயதில் 84 சதவீதம். 'டிஸ்க் போயிருச்சு' என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றையிலிருந்து சொல்வதில்லை. 700 ரூபாயில் பாதி இந்த ஒரு பேச்சுக்கே சரியாகப் போயிற்று.

இனி கை வேலை. முதலில் செய்தது மெய்ட்லண்ட் முறை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருந்த ஜெஃப்ரி மெய்ட்லண்ட் 1960களில் ஒழுங்குபடுத்தியது. வயிற்றுக்கடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுக்க வேண்டும். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து மேட்டை முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவிலும் வைத்து மெதுவாக அழுத்தி அழுத்தி விடுகிறார். நான் தேங்காய் வாங்கும்போது ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுப்பேன், அந்த மாதிரித்தான் இருந்தது. ஒரு கணுவில் கை வைத்ததும் "இதுதான், இதே வலிதான்" என்று நானே கத்திவிட்டேன். அந்த இடத்தில்தான் வேலை.

அழுத்துவதில் நாலு படிகள் உண்டாம். முதல் இரண்டும் வலியை அடக்குவதற்கு. முதலாவது ஆரம்பத்திலேயே நின்றுவிடும் சின்ன அசைவு, இரண்டாவது கொஞ்சம் பெரியது, இரண்டுமே இறுக்கத்தைத் தொடாமல் செய்வது. மூன்றாவதும் நாலாவதும் இறுகிய கணுவை அசைப்பதற்கு, அவை இறுக்கத்துக்குள்ளேயே போகும். ஒரு நிமிடம் போல அழுத்துவார், எழுப்பிக் குனியச் சொல்வார், விரல் நுனி இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார், மறுபடி படுக்கச் சொல்வார். முதல் நாளே கை அரைக்கெண்டைக்கால் வரைக்கும் போயிற்று. நம்பவே முடியவில்லை. மறுநாள் மத்தியானம் பார்த்தால் பழையபடி முழங்கால்தான்.

மல்லிகன் முறை வேடிக்கையாக இருக்கும். அந்தப் பட்டையை என் அடிவயிற்றையும் அவர் இடுப்பையும் சுற்றிப் போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் நிற்கிறார். ஒரு கையால் அந்தக் கணுவை மேல்நோக்கித் தள்ளிப் பிடித்துக்கொள்ள, நான் குனிய வேண்டும். வெளியிலிருந்து யாராவது பார்த்தால் இரண்டு பேரும் சண்டை போடுகிறோம் என்றுதான் நினைப்பார்கள். இதில் விதி ஒன்றே ஒன்று: துளியும் வலிக்கக் கூடாது. வலித்தால் கையை வைத்த இடமோ தள்ளும் திசையோ சரியில்லை, மாற்றிப் பிடிக்க வேண்டும். வலியில்லாமல் என்னால் குனிய முடியும் என்பதை என் உடம்பே எனக்குக் காட்டியது இதில்தான். கை வேலைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இது. பிரையன் மல்லிகன் நியூசிலாந்தின் வெலிங்டன்காரர். அடுத்து சொல்லப்போகும் மெக்கென்சியும் அதே ஊர்தான். அந்த ஊரில் அப்படி என்ன சிப்பம் தூக்குகிறார்களோ தெரியவில்லை.

மெக்கென்சி கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1956இல் ராபின் மெக்கென்சியின் கிளினிக்குக்கு வந்த ஒருவர், தலைமாட்டை உயர்த்தி வைத்திருந்த கட்டிலில் தவறிக் குப்புறப் படுத்துவிட்டார். இடுப்பு பின்பக்கமாக வளைந்த நிலை. அந்தக் காலத்தில் அது ஆபத்து என்று நினைத்தார்கள். வேறு வேலையாகப் போயிருந்த மெக்கென்சி திரும்பி வந்து பார்த்துப் பதறினார். படுத்திருந்தவரோ இத்தனை வாரத்தில் இன்றைக்குத்தான் நன்றாக இருக்கிறது, கால் வலி போய்விட்டது என்றாராம். அதிலிருந்து வந்ததுதான் குப்புறப் படுத்துக் கையை ஊன்றி, இடுப்பைத் தளர்த்தி, நெஞ்சை மட்டும் தூக்கும் பயிற்சி. நான் அதைச் செய்தபோது உட்காரும் இடத்தில் இருந்த வலி மேலே ஏறி நடு இடுப்புக்கு வந்துவிட்டது, நடு இடுப்பில் முன்னைவிட அதிகமாகவே வலித்தது. பயந்துபோய்ச் சொன்னால் மேடம் சிரிக்கிறார். வலி கீழிருந்து நடுவுக்கு ஏறினால் நல்லது, நடுவிலிருந்து காலுக்கு இறங்கினால்தான் நிறுத்த வேண்டும் என்றார். எல்லாருக்கும் இந்தத் திசை ஒத்துவராது. சிலருக்குக் குனிவதுதான் ஆறுதல் தரும், அதனால் சோதித்துப் பார்க்காமல் வீடியோவைப் பார்த்துச் செய்யாதீர்கள் என்றும் சொன்னார்.

தசைக்கு இரண்டு வேலைகள். ஒன்று, இறுகின தசையை நாமே லேசாக அவர் கைக்கு எதிராகத் தள்ளி, ஏழெட்டு விநாடி பிடித்து, தளர்த்தியதும் அவர் இன்னும் கொஞ்சம் நீட்டுவது. ஃபிரெட் மிட்செல் என்ற அமெரிக்க ஆஸ்டியோபதி மருத்துவர் கொண்டுவந்ததாம். முழுப் பலத்தையும் போட்டுத் தள்ளினால் திட்டு விழும். தொடைக்குப் பின்பக்கத்துக்கு இது நன்றாகக் கேட்டது. இன்னொன்று இடுப்பு ஓரத்திலும் உட்காரும் இடத்திலும் முழங்கையால் அழுத்திப் பிடிப்பது. உயிர் போய் வரும். எங்கள் ஊர்ப்பக்கம் நல்லெண்ணெய் விட்டுச் சுளுக்கு வழிக்கிற ஆச்சியும் இதைத்தான் செய்தார், அவர் வாங்கியது வெற்றிலை பாக்கோடு நூறு ரூபாய். இந்த ஒன்றுக்காக மட்டும் என்றால் கிளினிக்குக்குப் போகத் தேவையில்லை. ஆனால் ஆச்சி எல்லாருக்கும் ஒரே மாதிரி வழிப்பார். எங்கே கை வைக்கக் கூடாது என்று இவருக்குத் தெரியும்.

அப்புறம் அந்த 'டக்' சத்தம். செல்போனில் மைக் வைத்து முதுகை முறிக்கிற வீடியோக்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நானே கேட்டுத்தான் வாங்கிக்கொண்டேன். முதலில் முடியாது என்றவர், பல வாரம் கழித்து, எலும்புத் தேய்மானமோ காலில் மரத்துப்போவதோ இல்லை என்று மறுபடி உறுதி செய்துகொண்டு, பக்கவாட்டில் படுக்க வைத்து ஒரு திருப்புத் திருப்பினார். சத்தம் வந்தது. விலகின எலும்பு உட்கார்ந்துவிட்டதா என்று கேட்டேன். எலும்பு விலகவும் இல்லை, உட்காரவும் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் கரைந்த வாயு சட்டென்று குமிழாவதால் வரும் சத்தம், விரலில் சொடக்கு எடுப்பதும் அதுதான் என்றார். அன்று சாயந்திரம் வரைக்கும் லேசாக இருந்தது உண்மை. மெய்ட்லண்டில் வந்த சுகத்தைவிட இது அதிகம் என்று சொல்ல மாட்டேன். சத்தத்துக்காக ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சேர்ந்து செய்தது என்ன என்றால், சில மணி நேரத்திலிருந்து ஒன்றரை நாள் வரைக்கும் வலியைத் தள்ளிவைத்தது. அதற்கு மேல் எந்தக் கைவித்தையும் எனக்கு நிற்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மேடமே முதல் வாரத்தில் நேராகச் சொல்லிவிட்டார்: "நான் கை வைக்கிறது உங்களுக்கு ஒருநாள் லீவு மாதிரிக்கா. அந்த லீவுல நீங்க பயிற்சி செஞ்சாத்தான் உண்டு. சும்மா படுத்துக்கிட்டா நாளைக்கு மறுபடியும் என்கிட்டதான் வருவீங்க." வாடிக்கையாளரிடம் இப்படிச் சொல்கிறவரை வியாபாரத்தில் நான் பார்த்ததில்லை.

பயிற்சியை அவர் அமைத்த விதம்தான் இந்த இடத்துக்கு நான் மதிப்பெண் போடுவதற்கு முக்கியக் காரணம். "கடைல என்னென்ன எடையில சாமான் இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். முதலில் ஒட்டடைக் கம்பைத் தலை, முதுகு, வால் எலும்பு மூன்றிலும் படுகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு, கம்பு எங்கேயும் விலகாமல் இடுப்பிலிருந்து மடங்கிக் குனியப் பழக்கினார். அது வந்தபிறகு 5 கிலோ ஆட்டா மாவுப் பை. அப்புறம் 10 கிலோ அரிசிப் பை. அதற்குப் பிறகு 15 கிலோ எண்ணெய் டின், அதில் கைப்பிடி உறுத்தும் என்று துணி சுற்றிக்கொள்ளச் சொன்னார். கடைசியாக 26 கிலோ சிப்பம், முதலில் ஸ்டூல் மேல் வைத்து எடுப்பது, பிறகு தரையிலிருந்து. மெஷின் இடத்தில் 'வெயிட்டே தூக்காதீங்க' என்று அனுப்பினார்கள். கடைக்காரி வெயிட் தூக்காமல் என்ன செய்வாள்? இவர் தூக்கக் கற்றுக்கொடுத்தார். இதோடு கல்லாவில் உட்கார்ந்து எழும்போதெல்லாம் இடுப்பில் கைவைத்துப் பின்பக்கம் வளைவது, ராத்திரி மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, காலையில் கொஞ்ச தூரம் நடை.

குறைகள் இல்லாமல் இல்லை. இடுப்பு வலிக்காரர்கள் வரும் இடம் மாடியில், லிஃப்ட் கிடையாது, படியும் செங்குத்து. இதை எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை, கைப்பிடியாவது இரண்டு பக்கமும் போடலாம். மேடம் ஊரில் இல்லாத நாளில் உதவிப் பெண் செய்தார். அதே முறை, அதே கணு, ஆனால் கை கனம். ராத்திரி முழுக்க முனகினேன். அழுத்துவதில் அளவு என்பது படித்து வருவதில்லை போலிருக்கிறது. இப்போது மேடம் இருக்கிறாரா என்று போனில் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். பயிற்சித் தாள் முதலில் இங்கிலீஷில் இருந்தது. கேட்டபிறகு குச்சி மனிதர்கள் வரைந்து தமிழில் எழுதிக் கொடுத்தார், அதைக் கேட்காமலே கொடுத்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் சேராமல் செய்துகொள்ளும் பிசியோவுக்கு என் இன்சூரன்ஸ் பைசா தரவில்லை, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

500 ரூபாய் கட்டுப்படி ஆகாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் உள்ள பிசியோ பிரிவில் இலவசமாகக் காட்டலாம், கூட்டம் இருக்கும். நடமாட முடியாத பெரியவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருகிறார்கள். எங்கே போனாலும் பி.பி.டி., அதாவது பிசியோதெரபி பட்டம், படித்தவரா என்று கேளுங்கள். இந்த மேடம் படித்த காலத்தில் அது நாலரை வருடப் படிப்பு. முதல் நாள் உங்களைக் குனியச் சொல்லிப் பார்க்காமலேயே மெஷினைப் போட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது என் நிலைமை: விரல் கணுக்காலைத் தொடுகிறது. வலி முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பொங்கல், தீபாவளி சரக்கு இறங்கும் வாரங்களில் எட்டிப் பார்க்கிறது, அப்போது ஒரு தடவை போய் வருகிறேன். மற்றபடி கம்பும் மாவுப் பையும்தான். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், ஒன்றைக் குறைத்தது அந்தப் படிக்கட்டுக்காக. போகிறவர்கள் சேலையில் போகாதீர்கள், பட்டை போடவும் காலைத் தூக்கவும் சுடிதார்தான் வசதி. சாப்பிட்ட உடனேயும் போகாதீர்கள், குப்புறப் படுக்க வேண்டியிருக்கும்.